நசரத்பேட்டை ரிவால்வர்

1

அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கினால் ஆவடிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி காலத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே வருகிறது. முதலில் சம்பளம் கேட்டார்கள். பிறகு பனி கேட்டார்கள். நான் இருக்கும் டெக்சஸில் பனியெல்லாம் அபூர்வம், வெயில்தான், நம்ம அம்பத்தூர் வெயிலுக்கே அண்ணன் என்று சொன்னதும் முகம் சுருங்கிப் போனார்கள். இப்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "ஊட்டுல துப்பாக்கி வெச்சிகினு கீறீங்களா?"

இல்லை என்றால் யாரும் நம்புவதில்லை. மறைக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

இந்த முறை விமான நிலையத்துக்கு வந்த என் தம்பி குமார் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. போரூர் தாண்டுகிறவரை உம்மென்று வண்டியை ஓட்டினான். அவன் உம்மென்று இருந்தால் ஏதோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தான்.

"அக்கா, உன்னாண்ட ஒரு வேலை கீது."

"இன்னாடா?"

"லைசென்ஸ் வந்துட்ச்சு. ரிவால்வருக்கு. நசரத்பேட்டைல ஒர்த்தரு அவுரோடத விக்கிறாரு. பழசுதான், ஆனா நல்லா வெச்சிருக்காராம். நீ வந்து பார்த்துட்டு ஓகேன்னா, துப்பாக்கிக் கடை மூலமா பேரு மாத்திக்கலாம்."

"நான் இன்னாத்தடா பார்ப்பேன்? நான் என்ன போலீஸா?"

"உம் புள்ள அருண் வாங்கும்போது கூடவே போய் எல்லாம் செக் பண்ணேன்னு நீதான் போன்ல பெருமை பீத்திக்கினே. அத பார்த்தவ இத பார்க்க மாட்டியா?"

பீத்திக்கொண்டது நான்தான். தொலைபேசியில் ஊரோடு பேசும்போது எனக்கு வாய் கொஞ்சம் நீளும். அமெரிக்காவில் தெரியாத ஆளாகச் சுருங்கிக் கிடப்பதை ஊரில் பேசிப் பேசி ஈடுகட்டுகிற வியாதி அது. புலம்பெயர்ந்த எல்லாருக்கும் உண்டு, ஒத்துக்கொள்ளத்தான் மாட்டார்கள்.

2

வெள்ளானூரில் எங்கள் அப்பா விட்டுப்போனதில் மிச்சம் இருப்பது வீடும், அதை ஒட்டிய ஒரு துண்டு மனையும்தான். மற்ற நிலமெல்லாம் பிளாட்டாகி, மாடி வீடுகளாகிவிட்டது. அதற்காக நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை. அந்த நிலத்தை விற்றுத்தான் நான் விமானம் ஏறினேன்.

அந்த மிச்சத் துண்டுக்கு இப்போது ஆசைப்படுகிறார்கள். முதலில் ஒரு புரோக்கர் பழத்தட்டோடு வந்தாராம். அப்புறம் வந்தவர்கள் பழம் இல்லாமல் வந்தார்கள். இப்போது யாரும் உள்ளே வருவதில்லை. காலையில் கேட்டுக்கு எதிரே இரண்டு பைக் வந்து நிற்கும். பள்ளிக்கூட வேன் வந்து, குமாரின் மனைவி மலர் தன் பெண்ணை ஏற்றிவிட்டு உள்ளே வருகிறவரை நிற்கும். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனால், "ரோட்ல வண்டி நிறுத்துறது குத்தமா சார்?" என்று திருப்பிக் கேட்டார்களாம்.

நானும் பார்த்தேன். வந்த மறுநாள் காலை மாடியிலிருந்து பார்த்தால் அந்தப் பைக்குகள் நிற்கின்றன. ஒருவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்குக் காபி இறங்கவில்லை. ராத்திரியெல்லாம் குமார் ஏன் தூங்காமல் நடந்துகொண்டிருந்தான் என்று அப்போது புரிந்தது.

லைசென்சுக்கு அவன் அலைந்த அலைச்சலைக் கேட்டால் தலை சுற்றும். தாலுகா ஆபீஸ், ஸ்டேஷன், கமிஷனர் ஆபீஸ், டாக்டர் சான்றிதழ். அக்கம்பக்கத்தில் வந்து இவன் எப்படிப்பட்ட ஆள், குடிப்பானா, சண்டை போடுவானா என்று விசாரித்தார்கள். எல்லாரும் தங்கமான மனிதர் என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் அவன் தங்கம்தான். விசாரிக்க வந்தவர் மலரிடம் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாராம். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நாங்கள் நசரத்பேட்டைக்குக் கிளம்ப வேண்டிய அன்று காலை, தோசை ஊற்றிக்கொண்டே மலர் சொன்னாள்.

"அண்ணி, நீங்க பார்த்துட்டு நல்லா இல்லன்னு சொல்லிடுங்க."

"பார்க்காமலேயா?"

"பார்த்தாலும் நல்லா இல்லன்னே சொல்லுங்க. உங்க தம்பி கோவம் உங்களுக்குத் தெரியாததா? கோவம் வந்தா கைல இன்னா கீதோ அத வீசுவாரு. கரண்டி இருந்தா கரண்டி. ஹெல்மெட் இருந்தா ஹெல்மெட். அப்பால அவரே போய்ப் பொறுக்கினு வந்து, சாரி மலருன்னு அழுவாரு. நல்ல மனுசன்தான் அண்ணி. ஆனா கைல அது இருந்தா?"

என் வலது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. அவன் ஆறாவது படிக்கும்போது வீசிய ஜாமென்ட்ரி பாக்ஸ். நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மலரும் பார்த்தாள்.

"பொய் சொல்லச் சொல்றியாடி?"

"ஆமா அண்ணி. உங்க பேச்ச மட்டுந்தான் அவரு கேப்பாரு."

3

அருண் கதையைச் சொல்லிவிடுகிறேன். அருண் என் ஒரே மகன். கல்லூரி முடித்து, நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து சில மணி நேரத் தூரத்தில் தனியாக இருக்கிறான். தமிழ் புரியும், பேச வராது. இப்போது ஆங்கிலமும் வருவதில்லை என்னிடம். "சாப்பிட்டியா?" என்றால் "யா." "வேலை எப்படி?" என்றால் "குட்." வாரம் ஒரு போன், அதில் இந்த இரண்டு வார்த்தை. பெற்ற பிள்ளையிடம் பேச விஷயம் தேடி நான் வானிலை அறிக்கை பார்த்து வைத்துக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

அங்கே என் வாழ்க்கை பெரிதாக ஒன்றுமில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சாம்பார் வைக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருமுறை கேக் கொடுத்தாள். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கை வரவில்லை, முறுக்கு வைத்துக் கொடுத்தேன். அவள் அதே தட்டில் குக்கி வைத்துத் தந்தாள். இன்றுவரை அந்தத் தட்டு இரண்டு வீட்டுக்கும் நடுவே அலைந்துகொண்டிருக்கிறது. நல்லதும் நடக்கும், கெட்டதும் நடக்கும். கடை வாசலில் வண்டியைப் பின்னால் எடுக்கத் தாமதமாகிவிட்டது என்று ஓர் ஆள் கண்ணாடியைத் தட்டி, உன் நாட்டுக்கே போ என்று கத்தினான் ஒரு தடவை. அருண் அப்போது சின்னப் பையன், பின் சீட்டில் இருந்தான். நான் சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன். இதையெல்லாம் ஊரில் சொல்வதில்லை.

அந்த அருண் போன வருடம், பழைய கைத்துப்பாக்கி ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னான். நான் கத்தினேன், அழுதேன், அவன் அப்பாவிடம் சண்டை போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. சரி, நானும் வருகிறேன் என்று கூடவே போனேன்.

கடையில் ஓர் அதிசயம் நடந்தது. இரண்டு வார்த்தைப் பையன் மூச்சுவிடாமல் பேசினான். அம்மா, யார் என்ன சொன்னாலும் முதலில் நீயே திறந்து காலியா என்று பார்க்கணும். இந்தக் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார். இதை ஆட்டிப் பார். சுடாதபோது விசையில் விரல் வைக்கக் கூடாது. யாரையும் நோக்கிப் பிடிக்கக் கூடாது, காலி என்று தெரிந்தாலும். ரிவால்வர் என்றால் எதைப் பார்க்கணும், பிஸ்டல் என்றால் எதைப் பார்க்கணும் என்று அடுக்கிக்கொண்டே போனான். என் பிள்ளையின் குரலை அவ்வளவு நேரம் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! அந்த ஆசையில் மறுபடி மறுபடி கேள்வி கேட்டேன். துப்பாக்கி மேல் எனக்கு ஒரு ஆசையும் இல்லை. கடைக்காரர் எதையோ கணினியில் தட்டினார், ஒரு காபி குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. அங்கே அக்கம்பக்கத்தில் விசாரிக்க யாரும் வரவில்லை.

4

ரிவால்வரை விற்கிற தேவராஜ் அண்ணன் வீடு நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே. சுற்றிலும் கிடங்குகள், லாரிகள். அவருடைய நிலத்தில் நிற்கிற கிடங்குகள்தானாம். முன்பு நில வழக்கு நடந்தபோது பயந்து வாங்கிய ரிவால்வர். இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். துப்பாக்கி இருந்தால் நீங்கள் வர வேண்டாம் என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாளாம்.

நான், குமார், மலர் மூவரும் போயிருந்தோம். மலரை அவன் அழைக்கவில்லை, அவளே வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். கூடத்தில் எனக்கும் குமாருக்கும் நாற்காலி. மலர் எதிர்ச் சுவரோரம், கடிகாரத்துக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

தேவராஜ் அண்ணன் பூஜை அறையிலிருந்து தாம்பாளம் ஏந்தி வந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவே மஞ்சள் துணி. துணியைப் பிரித்தால் ரிவால்வர். கைப்பிடியில், குண்டு போடுகிற உருளையில், பின்னால் குதிரை மேல் என்று எல்லா இடத்திலும் சந்தனம், குங்குமம். குதிரை என்பது கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்கிற பாகம், அதுதான் பாய்ந்து குண்டைத் தட்டும்.

"வருசா வருசம் ஆயுத பூஜைக்கு வெச்சிக் கும்புடுவேம்மா. ஒரு தபா கூட சுட்டதில்ல. குண்டெல்லாம் எடுத்து தனியா வெச்சிட்டேன். தைரியமா பாருங்க."

நான் கையை நீட்டுவதற்குள் குமார் எடுத்துவிட்டான். எடுத்ததும் அவன் முகமே மாறிவிட்டது. பல மாதங்களாக யாரோ கழுத்தைப் பிடித்திருந்து இப்போது விட்டதுபோல ஒரு மூச்சு. எழுந்து நின்று, ஒரு கண்ணை மூடி, கடிகாரத்தைக் குறி பார்த்தான். அப்புறம் சிரித்துக்கொண்டே கையைக் கொஞ்சம் இறக்கினான்.

"இன்னா மலரு, பயமா கீதா?"

விரல் விசையில் இருந்தது. கட்டைவிரல் குதிரையைத் தேடிப் போனது.

"டேய்! கீழ வைடா!" என்று கத்தினேன். எந்த ஊர்க் குரலில் கத்தினேனோ தெரியாது, வாசலில் லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"காலிதான்க்கா. அண்ணந்தான் சொல்றாரே."

"காலியா இருந்தாலும் வைடா!"

முறைத்துக்கொண்டே தாம்பாளத்தில் வைத்தான். நான் எடுத்து, வெளிச்சுவர்ப் பக்கம் திருப்பி, உருளையைத் திறக்கப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டி, கொஞ்சம் அழுத்தியதும் திறந்தது.

ஆறு அறைகளில் ஐந்து காலி. ஒன்றில் குண்டு இருந்தது.

5

நான் குண்டை உருவித் தாம்பாளத்தில் வெற்றிலை மேல் வைத்தேன். அது உருண்டு வாழைப்பழத்தில் போய் இடித்து நின்றது.

"இன்னாண்ணே இது?" என்றான் குமார்.

தேவராஜ் அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. "ஒண்ணே ஒண்ணு வுட்டு வெச்சேம்ப்பா. பூஜைல இருந்த பொருளு. ஒரு ஊட்லேந்து இன்னொரு ஊட்டுக்குப் போவுது. வெறுசா எப்படிக் குடுக்கறது?"

நான் அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை. பர்ஸ் பரிசு கொடுத்தால் உள்ளே ஒரு ரூபாய் வைக்கிற ஜனம் நாம். பலகாரம் வந்த தூக்குச் சட்டியில் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் திருப்புவோம். டெக்சஸில் முறுக்குத் தட்டோடு வேலியைத் தாண்டிப் போகிறவள், இந்த மனிதரை என்ன சொல்ல?

"நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்" என்றார் மறுபடி. மலர் பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தாள். எப்போது இறங்கினாள் என்று நான் பார்க்கவில்லை.

அப்புறமும் நான் சோதனையை முழுசாகச் செய்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது, கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. எல்லா அறைகளையும் மறுபடி பார்த்தேன். பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துக் குழலுக்குள் கண் வைத்தேன். உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் வரிகள் தெளிவாக ஓடின, துரு இல்லை. உருளையை மூடிப் பக்கவாட்டில் ஆட்டினேன், முன்னும் பின்னும் ஆட்டினேன். லேசாகக் கூட ஆடவில்லை. குதிரையை மெதுவாக இழுத்தால் ஒவ்வொரு அறையும் சரியாக வந்து பூட்டிக்கொண்டது. மனிதர் பொய் சொல்லவில்லை, நன்றாகத்தான் வைத்திருந்தார்.

கடைசியாக ஒன்று உண்டு. குதிரையை முழுசாக இழுத்து நிறுத்திவிட்டு, விசையைத் தொடாமல், கட்டைவிரலால் குதிரையைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். அசையக் கூடாது.

தள்ளினேன். டக்கென்று விழுந்தது, குண்டு இருந்திருந்தால் விசையைத் தொடாமலே வெடித்திருக்கும்.

மறுபடி இழுத்தேன், தள்ளினேன். டக். சந்தனம் வருடம் வருடமாக உள்ளே இறங்கி, குதிரையைப் பிடித்து நிறுத்துகிற பல்லில் கல்லாக இறுகியிருக்க வேண்டும்.

குமார் அதைப் பார்த்தான். பிறகு மலரைப் பார்த்தான். அந்த ஒரு குண்டு எந்த அறையில் இருந்தது, இவன் குதிரையை இழுத்திருந்தால் குழலுக்கு நேராக எது வந்திருக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை. இன்றுவரை போடவில்லை.

6

தேவராஜ் அண்ணன்தான் முதலில் தேறினார். "மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டு பிரஷ் வெச்சித் தேச்சா வுட்டுடும். கடைல குடுத்தா அவங்களே செஞ்சிக் குடுப்பாங்க."

அவர் சொன்னது நியாயம்தான். அருண் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான், சுத்தம் செய்துவிட்டு மறுபடி சோதி என்று.

"சொல்லுக்கா" என்றான் குமார். "வாங்கலாமா?"

மலர் என்னையே பார்த்தாள். பொய்கூடத் தேவையில்லை, இது ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இது இல்லாவிட்டால் இன்னொன்றைத் தேடிப் போவான். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நல்ல துப்பாக்கிடா. கழுவினா சரியாயிடும். நீ சரியில்ல. பொண்டாட்டியப் பார்த்து நீட்டுறே, சிரிக்கிறே. ஊரெல்லாம் விசாரிச்சாங்களே, அவள ஒருத்தன் கேட்டானா? எங்கிட்ட சொன்னா. கைல கெடைக்கிறத வீசுற ஆளுக்கு இது எதுக்குடா?"

"நீ இன்னா தெரிஞ்சி பேசுறே?" அவன் குரல் ஏறியது. "அங்க சொகுசா உக்காந்துகினு இருக்கிறவ! காலைல கேட்டாண்ட வந்து நிக்கிறானுங்க, எம் பொண்ணப் பார்க்கிறானுங்க, நீயா வந்து நிக்கப்போறே?"

சொல்லி முடிக்கவில்லை, கையில் இருந்தது பறந்தது. கார் சாவி. மலரின் தலைக்கு மேலே கடிகாரத்தில் பட்டு, கண்ணாடி விரிசல் விட்டு, சாவி இரண்டாகப் பிளந்து கீழே விழுந்தது. உள்ளிருந்த சின்ன பேட்டரி தரையில் உருண்டு வந்து என் செருப்பில் முட்டியது.

குமார் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். விரல்கள் இன்னும் விரிந்தபடி இருந்தன. சாவி இருந்த இடத்தில் வேறு எது இருந்திருக்கலாம் என்பதை நான் அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாம்பாளம் அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அப்புறம் குனிந்தான். சாவியின் துண்டுகளைப் பொறுக்கினான். என் காலடியில் வந்து பேட்டரியை எடுத்தான்.

"அண்ணே, மன்னிச்சிடுங்க. கடியாரம் நான் வாங்கித் தரேன்" என்றான். "இது எனக்கு வேணாம்."

7

திரும்பும் வழியெல்லாம் மலர் பின் சீட்டில் அழுதாள். குமாரும் அழுதுகொண்டே ஓட்டினான். குமணன்சாவடி சிக்னலில் வழக்கம்போல் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. நாளைக் காலை அந்தப் பைக்குகள் மறுபடி வந்து நிற்கும், அதற்கு எங்களிடம் பதில் இல்லை. நாளைக்கு வேன் வரும்போது நானும் கேட்டில் வந்து நிற்கிறேன் என்று சொன்னேன். அவன் தலையாட்டினான். நான் விடுமுறைக்கு வந்தவள், எத்தனை நாள் நிற்பேன் என்று அவனுக்கும் தெரியும்.

சிக்னல் விழக் காத்திருக்கும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, அருண் எதுக்கு வாங்கினான்?"

எனக்குத் தெரியாது. குழலைப் பார்த்தேன், விசையைப் பார்த்தேன், எதையெல்லாமோ ஆட்டிப் பார்த்தேன். எதற்கு என்று மட்டும் என் பிள்ளையைக் கேட்கவில்லை. கத்தினேன், ஆனால் கேட்கவில்லை. மலரைக் கேட்காமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போன அந்த விசாரணைக்காரர்மேல் காலையிலிருந்து எவ்வளவு கோபப்பட்டேன்!

இங்கே சாயங்காலம், அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். வண்டியிலிருந்தே கூப்பிட்டேன்.

"ஹாய் அம்மா. மாமா வாங்கினாரா?"

"இல்லடா. வாங்கல."

"பேட் கண்டிஷனா?"

"துப்பாக்கி நல்லா இருந்துச்சு." போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "அருண், நீ எதுக்குடா வாங்கினே?"

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"அந்தக் கடை பார்க்கிங்ல" என்றான். தமிழில்தான் சொன்னான், தட்டுத் தடுமாறி. "அந்த ஆள் கத்தினான் இல்ல? அப்புறம் வீட்டுக்கு வந்து நீ கார்லயே உக்காந்திருந்தே. கராஜ்ல. அழுதே. நான் டோர்ல நின்னு பார்த்தேன். ஐ வாஸ் ஸ்மால். ஒண்ணும் பண்ண முடியல."

குழம்பு வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. அழுததை யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. பச்சை விழுந்திருந்தது. குமார் வண்டியை எடுக்கவில்லை.

"அம்மா? ஆர் யூ தேர்?"

"இருக்கேன்டா."

"நீ எப்ப வருவே?" என்றான் என் இரண்டு வார்த்தைப் பிள்ளை. "எனக்குத் தூக்கம் வரல அம்மா. ரொம்ப நாளா."